ஒன்பது கரண்டி

மராஷ் என்றோர் துருக்கி ஊர்,
மலையடிவாரம், மத்தியானம்.
வெயிலோ மண்டையைப் பிளக்கிறது,
வியர்வை மூக்கில் சொட்டுகிறது.

அங்கே ஷாகிரின் ஐஸ்கிரீம் வண்டி.
ஆள் பாதி, மீசை மீதி!
நீளக் கம்பி ஒன்றை வைத்து
நித்தம் நித்தம் ஒரே சேட்டை.

கோனை நீட்டுவார். வாங்கிப் பார்த்தால்
கோன் இருக்கும், ஐஸ் இருக்காது!
அடுத்த நொடியில் ஐஸ் இருக்கும்,
அட, இப்போது கோன் இருக்காது!
மேலே போகும், கீழே போகும்,
மூக்கில் ஒரு பொட்டு வைத்துப் போகும்.
டிங் டிங் என்று மணி அடிப்பார்,
தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரிப்பார்.

ஆட்டுப் பாலில் கிழங்கு மாவு
அரைக் கரண்டி போட வேண்டும்.
போட்டால்தான் அது ஜவ்வாய் இழுக்கும்.
அன்றைக்கு மாவு போட்டது யார்?
அவரின் மருமான் தாஹிர்.
தூங்குமூஞ்சி தாஹிர்!
ஒன்று, ரெண்டு, கொட்டாவி, மூணு...
எண்ணிக்கை மறந்து ஒன்பது கரண்டி.

வந்தாள் பெர்ரின். வயசு ஆறு.
முன்பல் ரெண்டும் போன வாரம் போச்சு.
"மாமா, எனக்குப் பிஃத்தா ஒண்ணு!"
நீட்டினார், எடுத்தார். நீட்டினார், எடுத்தார்.
நாலாம் தடவை அவள்
கையை நீட்டவில்லை.
வாயை நீட்டினாள்.
லபக்!
கடைவாய்ப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

இழுத்தார் ஷாகிர். இவளும் இழுத்தாள்.
அறுந்து போச்சா? அதுதான் இல்லை!
ஒரு முழம் ஆச்சு, இரு முழம் ஆச்சு,
ஓணான் வால்போல் நீண்டே போச்சு.
"அம்மாகிட்டே காட்டப் போறேன்!"
(வாயில் ஐஸ்கிரீம். கேட்டது இப்படி:
"ம்ம்மாம்ம்டே ம்மாட்ட ம்மோழேன்!")
ஓட்டம் எடுத்தாள் தெருவோடு.

முடிதிருத்தும் கடைக்குள் புகுந்தாள்,
முன்வாசல் நுழைந்து பின்வாசல் போனாள்.
பாதித் தாடி வழித்த ஆசாமி
மீதித் தாடியோடு மேஜைமேல் ஏறினார்.

தையல்காரருக்குக் கண் சரியில்லை.
டேப் என்று நினைத்து அதைப் பிடித்துத்
தலைமை ஆசிரியர் இடுப்பைச் சுற்றினார்.
"நாற்பது அங்குலம், நாலு பிஸ்தா"
நோட்டில் அப்படியே எழுதி வைத்தார்.

நெசிபே அக்கா கொடி என்று நினைத்து
ஈரத் துணியெல்லாம் எடுத்துப் போட்டார்:
போர்வை ரெண்டு, கால்சட்டை மூணு,
போலீஸ் கணவரின் சாக்ஸ் பதினொன்று.
(பன்னிரண்டாவது எங்கே? தெரியாது.
எந்த வீட்டிலும் அது தெரிவதே இல்லை.)
தெருப்பிள்ளைகள் ஸ்கிப்பிங் ஆடினார்கள்.
பூனைகள் ஏழு வரிசையாய் நக்கின.

அம்மா கதவைத் திறந்து பார்த்தாள்.
"வாயில் என்னடி? வாயைத் திற!"
அம்மா சொன்னால் கேட்கணும் இல்லையா?
திறந்தாள்.

சர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

போர்வை பறந்தது, பூனை பறந்தது,
தலைமை ஆசிரியர் பம்பரம் ஆனார்,
தாடிக்காரரின் சோப்பு நுரையும்
தானும் வருகிறேன் என்று பறந்தது.
"ஐயோ!" என்று ஷாகிர் மாமா
அலறத் திறந்த வாய்க்குள் ஒரு சாக்ஸ்.
மீதிப் பத்தும் ஐஸ்கிரீம் சட்டிக்குள்.
தொபுக். தொபுக். தொபுக்.
(எண்ணாதே. மொத்தம் பத்து தொபுக்.)

ஊரே கூடியது. யாரும் பேசவில்லை.
பெர்ரின் மட்டும் மூச்சிரைக்க வந்தாள்,
சட்டிக்குள் ஒரு விரலை விட்டாள்,
நக்கினாள், கண்ணை மூடி யோசித்தாள்.
"பிஃத்தா இல்லே மாமா, இது தாக்ஃ!
கொஞ்சம் உப்பு. ஆனால் தேவலை."

மறுநாள் வண்டியில் புதுப் பலகை:
பிஸ்தா, எலுமிச்சை, செர்ரிப் பழம்,
கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று:
போலீஸ் சாக்ஸ். சனிக்கிழமை மட்டும்.
வரிசையோ முடிதிருத்தும் கடையும் தாண்டி!

கம்பியைத் தொட்டார் ஷாகிர் மாமா,
பெர்ரினைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்,
கம்பியை மெல்லக் கீழே வைத்தார்,
கோனைக் கையில் கொடுத்தே விட்டார்.

வண்டிக்குப் பின்னால் தாஹிரின் குரல்:
"ஒன்று... ரெண்டு... ஆவ்வ்வ்..."