நான்கு துளைகள்

கிளேர்வுட் பழைய இரும்புக் கடையில்
எடைக்குத்தான் கொடுத்தார்கள்.
நானூற்றுப் பத்துக் கிலோ.
ரசீதில் 'மரம் இழைக்கும் மெஷின்' என்று எழுதிய வீராசாமி நைக்கர்
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் 'ஓடாது' என்று சேர்த்தார்.

மைத்துனன் டீனாவின் வண்டி
சாட்ஸ்வொர்த் ஏற்றம் முழுக்க முனகியது.
அன்றிலிருந்து கோகியின் கார்
மழையில் தூங்குகிறது.
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
காலையில் கார்க் கண்ணாடி துடைத்த துணியை
மெஷின் தலைமேல் காயப்போடுகிறாள், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்.
நாள் முழுக்கப் பெட்டிகள் தூக்குவேன்,
எதற்குள் என்ன என்று தெரியாது.
இதைத் திறக்க முடிந்தது.
அடிப்பீடத்தின் வயிற்றில் கை விட்டால்
ஈரத்தில் இறுகிய மரத்தூள், அடுக்கடுக்காக.
மேலே பைன். அதன்கீழ்
செங்கல் நிறத்தில் யூகலிப்டஸ்.
ஆக அடியில் கறுப்பாக ஒன்று,
பெயர் தெரியாது, மோந்தால் மிளகு.
பாதிச் சீப்பு.
பிரிக்காத இருமல் மிட்டாய்.

கத்தித் தண்டின் முனை நட்டு
மூன்று ஞாயிறு அசையவில்லை.
டீசல் ஊற்றினேன். நெருப்புக் காட்டினேன்.
தமிழில் திட்டி, போதாமல் ஜூலுவிலும் திட்டினேன்.
அதைக் கேட்டு வந்த மூசா சித்தோலே
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான்:
இடது மரை.
மூன்று வாரமாய் நீ இதை
இறுக்கிக்கொண்டிருக்கிறாய்.

பிறகு பெயிண்ட் சுரண்டினேன்.
பச்சை. பச்சைக்குக் கீழே சாம்பல்.
சாம்பலுக்குக் கீழே வெறும் இரும்பு.
மேசை ஓரத்தில் நான்கு துளைகள்,
தீப்பெட்டி அகலத்தில் ஒரு சதுரம்.
எதையோ முடுக்கி நிறுத்தியிருந்த இடம்.
எதை என்று
பழைய படம் ஒன்று கிடைத்த பிறகுதான் தெரிந்தது:
கத்தியை மூடும் காப்புக் கை.

துளைகளுக்குள் மரை வரிகள் தெரியாமல்
சாம்பல் பெயிண்ட் உறைந்திருந்தது.
அப்படியானால் சாம்பல் பூசிய அன்றே
அது அங்கே இல்லை.
பூசியவன் துளைகளைப் பார்த்திருக்கிறான்.
பிரஷ்ஷை உள்ளே விட்டு
ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான்.
நல்ல வேலைக்காரன்.

நைக்கருக்குப் போன் போட்டேன்.
ஜேக்கப்ஸில் ஒரு மேசை நாற்காலிக் கம்பெனி, என்றார்.
மூடி இருந்தால் நாளைக்கு நாற்பது கதவு.
கழற்றிவிட்டால் ஐம்பத்தைந்து.
யாருக்காவது விரல்...? என்றேன்.
எனக்கு இரும்பு மட்டும்தான் தம்பி வந்தது, என்றார்.

பேரிங் வந்தது. பெல்ட் வந்தது.
கூர் தீட்டப் போன கத்திகள்
எண்ணெய்த் தாளில் சுற்றி வந்தன.
எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டு
துறைமுகத்தில் கழித்துப்போட்ட அலுமினியத் தகட்டில்
முதலில் அந்தக் கையைச் செய்தேன்.
மரைவெட்டியை விட்டுத் திருகத் திருக
சாம்பல் பெயிண்ட் சுருள் சுருளாய் வெளியே வந்தது.
நான்காவது துளையில் மரை தேய்ந்திருந்தது.
மூன்று போதும், என்றான் மூசா.
போதும்தான்.
இருந்தாலும் பெரிதாக்கி வெட்டினேன்.

ஆறு மணிக்கு வரவேண்டிய கரண்ட்
எட்டரைக்கு வந்தது.
ஸ்விட்சைப் போட்டேன்.
பின்பக்கமாகச் சுற்றியது.
மூசா சிரிக்காமலிருக்கப் பார்த்தான்.
இரண்டு ஒயரை மாற்றி, மறுபடி.
உறுமல் ஏறி ஏறி
ஒரு நூல் போல நேராக நின்றது சத்தம்.
தெரு நாய்கள் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டு
விட்டுவிட்டன.

வெயிலில் வெளுத்த வேலிப் பலகை ஒன்றைத் தள்ளினேன்.
காப்புக் கை ஒதுங்கி வழிவிட்டது.
பலகை கடந்ததும்
திரும்ப வந்து கத்தியை மூடிக்கொண்டது.
வேலிக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு மரம்.
மூசா அதை மோந்து பார்த்து
என்னிடம் கொடுத்தான்.

ஸ்விட்சை அணைத்தேன்.
அணைத்த பிறகும் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்,
எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டும்.
கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு
எண்ணத் தொடங்கினேன்.
கோகி கதவருகே வந்து
கார் எப்போது உள்ளே வரும், என்றாள்.
நான் அப்போது இருபத்தாறில் இருந்தேன்.