நாற்பத்து மூன்றாம் பந்தி

பொகவந்தலாவையில் ஒரு பொது மண்டபம்.
தகரக் கூரையில் மழை,
ஒலிவாங்கியை விட அதுவே பெரிதாய்ப் பேசியது.
சுகாதாரக் காப்புறுதி ஆலோசனை ஆணைக்குழு:
மேசைக்குப் பின்னால் ஐந்து பேர்,
ஐந்து தண்ணீர்ப் போத்தல்,
ஓரத்தில் நான்,
மொழிபெயர்ப்பாளன், நாட்கூலி.

பத்தாவது சாட்சி வடமலை
லொறியைப் பற்றி மட்டுமே கேட்டார்.
ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு வலித்தால்
கொழுந்து லொறி வருமா,
கம்பளியில் கட்டித் தூக்குவதா?
குறித்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர்.
குறித்துக்கொண்டோம்.

அடுத்தது பவளக்கொடி.
விரல் ரேகையெல்லாம் கொழுந்துக் கறை.
அரைப்பேர் விழுந்துவிடும் என்று
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே
ஒப்பம் வைத்தாள்.

மாதம் எவ்வளவு கட்ட இயலும்?
தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார், மென்மையாக.
தமிழாக்கிக் கொடுத்தேன்.

"சந்தா புடிக்கிறாங்க. மரணாதாரம் புடிக்கிறாங்க.
கோயிலுக்குப் புடிக்கிறாங்க.
சம்பளத் துண்டுல எடமிருந்தா
இதையும் புடிங்க.
ஒண்ணு மட்டும் கேக்கணும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனா
எல்லை தாண்டக் கூடாதும்பாங்க.
இந்தக் காப்பு எப்புடி?
எம் மவன் கொழும்புல, கோழிக்கடையில.
மஞ்சக் காமால வந்து படுத்துட்டான்.
அங்க கேட்டா தோட்டத்துக்குப் போன்னாங்க.
தோட்டத்து மருந்துக் காம்பராவுல கேட்டா
செக்ரோல்ல பேரில்லன்னாங்க.
எல்லை தாண்டுனா அறுந்துருமா, தொரமாரே?"

ஐந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
காப்பு என்ற ஒரு சொல்லுக்குள்
மஞ்சள் கயிறு, வேப்பிலை,
விரதம், காவல், பிள்ளைக் கை வளையல்.
அத்தனையையும் அக்கரை சேர்க்க
அரை நிமிடம் தந்திருந்தார்கள்.

"உறுப்பினர் இடம் மாறினால் பாதுகாப்புத் தொடருமா
எனச் சாட்சி வினவுகிறார்."

இதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.
கயிறு வழியிலேயே விழுந்துவிட்டது.
தலைவர் நிமிர்ந்தார், நல்ல கேள்வி என்றார்,
பென்சிலால் எதையோ எழுதினார்.
பிறகு தேநீர் இடைவேளை.
தேயிலை நாட்டில் டஸ்ட் தூள், சீனி கூட.

பதினான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது,
இரண்டு தொகுதி.
தமிழில் தரச்சொல்லி எனக்கே அனுப்பினார்கள்,
இம்முறை பக்கத்துக்கு இவ்வளவு என்று.

பரிந்து உரைப்பது பரிந்துரை.
இதில் பரிவுமில்லை, அதட்டலுமில்லை.
பரிசீலிக்கலாம், பரிசீலிக்கலாம் என்றே
ஒவ்வொரு பந்தியும் கதவருகே நின்றுவிடுகிறது.
அமைச்சு கூப்பிட்டால் உள்ளே போகும்.
கூப்பிடாவிட்டால் இருக்கவே இருக்கிறது
அலுமாரியின் மூன்றாம் தட்டு.

வடமலையின் லொறியைத் தேடினேன். எங்குமில்லை.
நாற்பத்து மூன்றாம் பந்தியில்
பவளக்கொடியின் கேள்வி இருந்தது,
பெயர் இல்லாமல்,
கோட்டும் டையும் கட்டிக்கொண்டு.

கலைச்சொல் தொகுதியைப் புரட்டினேன்.
'பெயர்வுத் தகைமை' என்றிருந்தது.
பிரட்டுக்களத்தில் நின்று இதை வாசித்தால்
யாருக்குக் காய்ச்சல் இறங்கும்?

வெட்டிவிட்டு எழுதினேன்:
எல்லை தாண்டினாலும் காப்பு அறாது.
அதன்பின், மூலத்தில் உள்ளபடியே,
'எனப் பரிசீலிக்கலாம்.'

சரிபார்ப்பவரிடமிருந்து இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று
அன்று நான் கேட்கவில்லை.
மேசைக்கு இந்தப் பக்கம்
கேள்வி கேட்கும் வேலை
எனக்குத் தரப்பட்டிருக்கவில்லை.