ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் முன்

மூன்று வருடமாக என் தலையில் வளர்ந்தது
அவனுக்குச் சேரவேண்டிய கடன்.
கார்த் போர்ன் மலைக்கோவில் முருகனிடம் சொல்லியிருந்தேன்:
எந்தக் கடலிலோ, எவர் எவர் தட்டையோ கழுவும்
என் தனசீலன் வீடு வந்து சேரட்டும்,
இடுப்பைத் தொட்டதும் எடுத்துக்கொள்.

வந்துவிட்டான் ஜூலையில்.
பதினான்கு நாள் ஓட்டல் அறையில் அடைபட்டு
கன்னம் ஒட்டி, கையில் ஒரே பையோடு.
கடனுக்குக் கெடு வந்தது:
கிருத்திகை, புதன்கிழமை.

நான் கூப்பிட்டால் அவன் கேட்பான்.
அவன் கூப்பிட்டால் எனக்குக் கேட்குமா?
விளக்கேற்றும்போதெல்லாம் இதே யோசனை.
சேவல் கேட்கும், மாயேபூர் பஸ் கேட்கும்,
எதிர்வீட்டு ரேடியோவில் சேகா கேட்கும்,
கற்பூரம் அணைவதுகூடக் கேட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை
காதில் விழவில்லை, மூக்கில் ஏறியது.
சலூனில் டிரையர்தான் தீய்கிறதென்று
பிளக்கைப் பிடுங்கினேன்.
பிடுங்கிய பிறகும் தெருவெல்லாம் அதே நாற்றம்.
ஓடிப் போய்ப் பார்த்தால்
கடல் இருந்த இடத்தில்
எழ மனமில்லாத கறுப்புக் குழம்பு.

மாரி-கிளேர் தொடைவரை கறுத்து நின்றாள்.
பேய்க்கணவாய் பிடித்தே நாலு பிள்ளையை ஆளாக்கியவள்,
சுருள் வைத்துக்கொண்டதில் எனக்கு இருநூறு ரூபாய் பாக்கி.
"தோன் நூ சீவே" என்றாள்.
முடி கொடு எங்களுக்கு.
கரும்புச் சோகையோடு முடியைத் திணித்து
வலையிலும் பழைய காலுறையிலும் தைத்து மிதக்கவிட்டால்
எண்ணெயைக் குடிக்குமாம்.

கூட்டி வைத்திருந்ததையெல்லாம் கோணியில் தந்தேன்.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து வெட்டிக்கொண்டார்கள்,
காசு வாங்கவில்லை.
பொழுது சாய்வதற்குள் கோணி காலி.
யாரும் என் கொண்டையைப் பார்க்கவில்லை.
வேண்டுதல் முடி என்று ஊருக்கே தெரியும்.
அவர்கள் பார்க்காமல் இருந்ததைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

சாமி கணக்கில் கைவைக்கலாமா?
பூக்கேட்கலாமென்றால் வீட்டில் பூ இல்லை.
பல்லியாவது சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன்.
படத்துக்குப் பின்னால்தான் இருந்தது,
வாலை மட்டும் காட்டிக்கொண்டு.
வாய் திறக்கவில்லை.

அப்போது வெளியே ஒரு குரல்,
"தினி! தினி!"
பிடி, பிடி.
யார் தோளிலிருந்தோ மிதவை நழுவுகிறது போல.
என்னைச் சொல்லவில்லை.
ஆனால் எழுந்து நின்றவள் நான்தான்.

மெஷினை மகன் கையில் கொடுத்து
வாடிக்கைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
"அம்மா, இது சாமிக்கு."
"தெரியும். வேகமா எடு."
கப்பலில் ஆயிரம் தட்டை உடையாமல் காத்த கை
காதோரம் கீறிவிட்டது.

ராத்திரி நஸீமா வீட்டுக் கார்ஷெட்டில் தைத்தோம்,
மாதா கோவில் பெண்கள் ஏழெட்டுப் பேர்,
என் மொட்டைத் தலை,
ஒரே ஒரு நல்ல ஊசி.
எது என் முடி, எது பள்ளிக்கூடத்து முடி
என்று பத்து நிமிடத்தில் எனக்கே தெரியவில்லை.

பிற்பாடு யாரோ சொன்னார்கள்,
முடியைவிடச் சோகைதான் நன்றாகக் குடித்ததென்று.
இருக்கலாம்.

புதன்கிழமை மலையேறினேன்,
கொடுக்க ஒன்றுமில்லாத தலையோடு.
சந்தனக் கிண்ணத்தோடு வந்த பூசாரி
என் நகக்கண்களைப் பார்த்தார்.
"காணிக்கை?"
"கொடுத்தாச்சு. இங்கே இல்லை."
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
சந்தனம் குளிர்ந்தது, கீறல் எரிந்தது.

அவன் அன்றைக்கும் பேசவில்லை.
பேசியிருந்தாலும்
நின்று கேட்க நேரமில்லை எனக்கு.
மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.
அந்த ஊசி என் பையில் இருக்கிறது,
மாரி-கிளேர் காத்திருப்பாள்.