ஒரு விரற்கடை

எட்னா இரவில் இருமினால்
காலையில் இலைமேல் சாம்பல்.
குச்சியால் தட்டிவிட்டுத்தான்
கொடியின் முகம் பார்க்க வேண்டும்.
இந்த வடக்குச் சரிவில் நான் வெனெரினா.
சுவருக்கு அப்பால் இருப்பவன் சிரினோ,
உடன்பிறந்தவன், பங்காளி.
அப்பா செத்த வருடம்
நோட்டரி கயிறு பிடித்து அளந்தார்.
கயிற்றின் மேல் எரிமலைக் கல் அடுக்கினோம்.
சாந்து கிடையாது, அன்று நின்ற பேச்சுதான் சாந்து.

திராட்சை ஒன்றுதான், நெரெல்லோ.
கொடி தாங்கும் கழியும் ஒரே காட்டில் வெட்டியது.
பீப்பாய் விற்றவனும் ஒருவனே;
இருவரிடமும் கடன் சொல்லாமல் வாங்கிப்போனான்.
ஆனால் என் பக்கம் கருமணல்,
நடந்தால் செருப்புக்குள் வந்து உட்காரும்.
அவன் பக்கம் ஆறிப்போன எரிகுழம்பின் முதுகு,
கடப்பாரை பட்டால் மணியடிக்கும்.
என் வேர்கள் படுத்துத் தூங்குகின்றன.
அவனுடையவை
ஒவ்வொரு விரிசலாகக் கதவு தட்டி இறங்குகின்றன.

அக்டோபர் நடுவில் வானொலி மழை என்றது.
நான் பறித்தேன்.
எட்டு ஆள், எட்டுக் கத்தரி, இருட்டுமுன் முடித்தோம்.
அவன் ஒரு பழத்தைக் கடித்து
விதையை உள்ளங்கையில் துப்பி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
விதை இன்னும் பச்சை.
போய்ப் படுத்துவிட்டான்.

மூன்று நாள் பெய்தது.
அவன் கொத்துகளில் மூன்றில் ஒன்று
சாம்பல் பூத்து அழுகியது.
சந்தோஷப்பட்டேன், எதற்கு மறைக்க.
பிறகு மலையிலிருந்து காய்ந்த காற்று.
மாதக் கடைசியில் அவன் தனியாகப் பறித்தான்,
ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி,
கெட்டதைச் சுவரோரம் வீசி.
குளவிகள் என் பக்கம் வந்தன.

நிலவறையை மட்டும் நோட்டரியால் பிரிக்க முடியவில்லை.
கதவு ஒன்று, சாவி இரண்டு,
தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு.
தொட்டிக்குள் குனியுமுன் மெழுகுவர்த்தி இறக்குவோம்;
அணைந்தால் அங்கே மூச்சு இல்லை.
நான் காம்பு நீக்கி,
மிதக்கும் தோலை நாளுக்கு மூன்று முறை அமுக்கினேன்.
அவன் பாதிக் காம்பை விட்டான்,
ஒரு முறைதான் அமுக்கினான்,
அதுவும் தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல.

பிப்ரவரியில் ஓர் இரவு கோட்டைத் தாண்டினேன்.
கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி
ஒரு கிளாஸ்.

என் ஒயின் அழகானது.
செர்ரி, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்,
சிரித்துப் பேசி வாசலோடு விடைபெற்றுவிடும்.
இது முதலில் முகமே கொடுக்கவில்லை.
அப்புறம் அத்திக்காயைக் கடித்தாற்போல் ஒரு துவர்ப்பு.
அப்புறம் இரும்பு.
வெகுநேரம் கழித்து,
பூட்டிய அறைக்குள்
யாரோ ரோஜாவைக் கசக்கிய வாசனை.
நின்றபடியே குடித்து முடித்தேன்.
அழுகலிலிருந்து தப்பிய பழங்களின் பிடிவாதம்
நாக்கைவிட்டு இறங்க மறுத்தது.

பார்த்தால் பீப்பாயில்
ஒரு விரற்கடை குறைந்திருந்தது.
அந்த இடைவெளிக்குள் காற்று குடியேறும்,
கோடைக்குள் எல்லாம் காடியாகிவிடும்.
நான் திருடிதான், கொலைகாரி இல்லை.
என் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து
அவனுடையதை நிரப்பினேன்.
மூடியைத் துடைத்தேன்.

மார்ச்சில் முழங்கால் வீங்கி
மூன்று வாரம் படுக்கை.
மரம் தன் பங்கைக் குடித்திருக்கும்,
மட்டம் இறங்கியிருக்கும் என்று
நொண்டி நொண்டிப் போய் மூடியைத் திறந்தேன்.
விளிம்புவரை நிறைந்திருந்தது.
வாயோரம் ஈரமாய் ஒரு கறை,
என் நிறத்தைவிட ஒரு சாயல் கருப்பு.

ஏப்ரலில் மிலானிலிருந்து வாங்குபவர் வந்தார்.
என் ஒயினை வாயில் உருட்டி,
வாளியில் துப்பி, மறுபடி ஊற்றச் சொன்னார்.
"நடுவில் ஒரு துவர்ப்பு வருகிறதே,
போன வருடம் இல்லை. எங்கிருந்து?"

மணலிலிருந்து, என்றேன்.

கோட்டுக்கு அப்பால் சிரினோ
இறுகியிருந்த மூடியை
மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான்.