அடிக்கசிவு

நான்கு நாள் விடுப்பு கேட்டேன்.
"எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமே" என்றார்கள்,
பரிசு கொடுப்பவர்களின் குரலில்.

அப்படித்தான் காலாண்டு விடுமுறையில்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறேன்.
மடியில் லேப்டாப்.
கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு.
இங்கே கேட் போட்டால் போட்டதுதான்.
எஞ்சின் மாற வேண்டும்,
கூட்ஸ் முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டும்,
வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்
ஒரே வண்டிக்கு இரண்டு தடவை வந்துவிடுவார்.

"பின்னால் என்ன சத்தம்?"
ஹைதராபாத்திலிருந்து ஸ்ருஜனா.
கூட்ஸ் என்கிறேன். குறுவை நெல்,
வேறு ஊருக்கு அரைபடப் போகிறது.
"லவ்லி! நல்லா என்ஜாய் பண்ணுங்க.
அந்த மூணாவது ஷீட்டை மட்டும் நாலு மணிக்குள்ள."

மட்டும்.
இந்தச் சொல்லுக்கு எவ்வளவு பெரிய வயிறு.

பின்சீட்டில் யாழ்மொழி பெட்டிகளை எண்ணுகிறாள்.
இருபத்தொன்பதில் நிறுத்தி,
"அம்மா, நீ இப்ப லீவா, ஆபீஸா?"
மியூட்டில்தான் இருந்தேன்,
பதில் சொல்லியிருக்கலாம்.
எண்ணிக்கை விட்டுப்போய்
பாதி ரயிலுக்கு மறுபடி ஒன்று போட்டாள்.

கருத்துக் கணிப்புக்கு அன்றுதான் கடைசி நாள்.
நிறுவனத்திடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.
யோகா வகுப்பு.
வெள்ளிக்கிழமைப் பழக்கூடை.
மலையோ கடலோ, விரும்பிய இடத்தில் வேலை.
பிற, இருநூறு எழுத்துகளுக்குள்.

பிற-வில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்போது
கேட்டைத் தூக்கினார்கள்.
இரண்டு பக்கத்து ஹாரன்களும் நடுவில் முட்டிக்கொண்டன.

மூணாறு தலைப்பில் வண்டியை ஓரங்கட்டினான் இளந்திரையன்.
வெண்ணாறு இங்கே மூன்றாகிறது:
கோரையாறு, பாமணியாறு,
அப்புறம் அதே வெண்ணாறு.
பிரித்துக் கொடுத்த பிறகும்
தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட ஆற்றைக்
கொஞ்சம் பொறாமையோடு பார்த்தேன்.

முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்.
அன்று பாமணிக்கு முறை இல்லை. ஷட்டர் இறங்கியிருந்தது.
ஆனாலும் அடியில்
நுரைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்,
வந்துகொண்டே இருந்தது தண்ணீர்.

"முழுசா இறக்கலையா?"
லஸ்கர் சந்திரகாசன், என் வயதுதான் இருக்கும்,
இடுப்பில் பேட்டரி போன டார்ச்.
"முழுசாத்தாங்க இறக்கியிருக்கு.
ரப்பர் சீல் போயிடுச்சு.
மூணு வருஷமா எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கோம்."

உங்களுக்கு லீவு?
"தண்ணி ஓடுற வரைக்கும் கிடையாது.
மேட்டூர் மூடினா லீவுதான்னு சொல்வாங்க,
அப்பதான் கிரீஸ் போடு, பெயிண்ட் அடின்னும் சொல்வாங்க."
வேறு ஒன்றும் கேட்கவில்லையா?
"மழைக்கோட்டு கேட்டோம்.
பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாங்க.
வாங்கிட்டு வர்ற வழியிலேயே நனைஞ்சுபோச்சு."
அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன்.

கசிவில் இரண்டு பையன்கள் துண்டை விரித்து
கெண்டைக்குஞ்சு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.
ரப்பர் சீல் வராமலிருக்க
வேண்டிக்கொள்ள அவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று நாற்பது.
மதகுச் சுவரில் லேப்டாப்பை வைத்து
மூன்றாவது ஷீட்டை அனுப்பினேன்.
கடமை என்று சொல்லமாட்டேன். பயம்.
பிறகு, பிற என்ற கட்டத்தில்
தமிழிலேயே தட்டினேன்:
ரப்பர் சீல்.
இருநூறில் பெரும்பாலும் மிச்சம்.

உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்
என்று அந்த நொடியே பதில் வந்தது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்ருஜனா:
"ட்ரிப் எப்படிப் போகுது? ஒரே ஒரு சின்ன விஷயம்..."

போன் இளந்திரையனின் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருக்க,
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
யாழ்மொழி ஏற்கெனவே முழங்கால்வரை ஈரம்.
கணுக்காலில் ஜில்லென்று ஏறியபோது கேட்டாள்,
இது எந்த ஆறு?

மூடின ஆறு, என்றேன்.