பதினேழாம் தாளின் பின்பக்கம்

உலான்பாத்தர். காலை எட்டே முக்கால்.
வெளியே உறைநிலைக்கு இருபத்தொன்பது பாகை கீழே.
உள்ளே வெப்பக்குழாய் கொதிக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் நிலக்கரிப் புகை,
மூடினால் தூக்கம்.
இரண்டுக்கும் நடுவே
இடைக்காலப் பயண இலக்கியம், மூன்றாம் பருவம்.

இன்று எங்களைப் பார்க்க வந்திருப்பவர்
வெரார்தோ என்றொரு துறவி.
சியென்னாவுக்குப் பக்கத்தில் ஏதோ மடம்.
எழுநூற்றெழுபது ஆண்டு தாமதமாக வருகிறார்.
லத்தீனில் ஏறி, ரஷ்யனில் இறங்கி,
எங்கள் மொழிக்கு வண்டி மாறி,
ஒவ்வொரு சாவடியிலும்
எதையோ சுங்கமாகக் கட்டிவிட்டு.

"இவர்கள் துணி துவைப்பதில்லை" என்கிறார்.
தெமூலென் தன் சட்டையை முகர்ந்து பார்க்கிறாள்.
வகுப்பு சிரிக்கிறது.
"இவர்கள் ரொட்டி அறியார்."
பின்வரிசையில் ஒருவன்
வாயில் பன்னோடு கை தூக்குகிறான்.
"புளித்த குதிரைப்பால் நாக்கைக் குத்துகிறது.
விழுங்கிய பிறகு, ஏனோ,
எங்கள் மடத்துப் பேரிக்காய் நினைவு."
இங்கே யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பதினேழாம் தாளின் பின்பக்கம்.
ஒரே வாக்கியம்:
ஆறாம் நாள் இரவு என் பாதங்கள் வெடித்திருந்தன,
ஒரு இன்ன பெண் கம்பளிக் காலணி தந்தாள்,
அங்கிருந்து ஆறு மூன்று காதம்.

அந்த 'இன்ன'வில்தான் சண்டை.
ரஷ்யப் பெயர்ப்பில் 'அழுக்கான'.
எங்கள் பாடநூலில் 'கருத்த'.
ஆசிரியை ஒயுங்கெரெல்
மூலத்தின் படத்தைச் சுவரில் விழச் செய்தார்:
மை கலைந்த ஓரிடம்,
நசுங்கிய எறும்பு போல.

எல்லாத் தலைகளும் ஒர்தென்சியா பக்கம் திரும்பின.
இத்தாலியிலிருந்து ஒரு பருவத்துக்கு வந்தவள்.
ஊரில் லத்தீன் படித்தவள்.
இரண்டு வாரமாக, துறவி செய்த குற்றத்துக்கெல்லாம்
தானே சாட்சிக்கூண்டில் நிற்பவள் போல
குனிந்தே இருந்தவள்.
எழுந்து போனாள். சுவரருகே நின்றாள்.
எழுத்துகள் அவள் கன்னத்தில் ஊர்ந்தன.
"அழுக்கு இல்லை" என்றாள் மெல்ல.
"கருப்பும் இல்லை.
புகை என்று தொடங்குகிறது.
புகை படிந்த பெண்."

என் கை தானாக என் மேலங்கிக்குப் போனது.

நகரின் வடக்கு மேட்டில் எங்கள் கூடாரம்.
விடியலில் அடுப்பில் கரி போடுவது நான்.
இருபத்திரண்டாம் எண் பேருந்தில்
நான் உட்கார்ந்தால்
பக்கத்து இருக்கை எழுந்துகொள்ளும்.
மூக்கைப் பொத்துவோர் யாரும் துறவிகள் அல்லர்,
என் மொழி பேசுகிறவர்கள்.
தெமூலென்கூட ஒருநாள் அன்பாகத்தான் சொன்னாள்:
கான்சாயா, அங்கியைக் கொஞ்சம்
வெளியே மாட்டிவிட்டு வாயேன்.

வீட்டுப்பாடம்:
அதே இரவை அவள் பக்கமிருந்து எழுதுக, ஒரு பக்கம்.

பேருந்திலேயே தொடங்கினேன்.
அந்த மனிதனுக்கு ஈர ஆட்டின் வாடை.
வாசற்படியை மிதித்துக்கொண்டு வந்தான்,
ஒன்றும் சொல்லவில்லை, தெரியாதவன்.
எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தான்,
ஆட்டை, கூரைக் கழிகளை, எங்களை.
ஆறு எவ்வளவு தூரம் என்று
கையால் கேட்டான்.
மூன்று விரல் காட்டினேன்.

அதுவரை பேனா ஓடியது.
காலணியில் நின்றுவிட்டது.

ஓர் ஆணுக்குப் பொருந்தும் காலணி
அவளிடம் எப்படி மிச்சம் இருந்தது?
அதற்கு உரிய கால்கள் எங்கே?
படை மேற்கே போன காலம் அது.
எந்தத் திராட்சைத் தோட்டத்தை மிதித்து,
எந்த மடத்துக் கதவை உதைத்து,
எந்தச் சேற்றில்
திரும்பாமல் போயின அவை?

அவளுக்குத் தெரிந்திருக்கலாம்
இவன் அந்தத் திசைக்காரன் என்று.
வெடித்த பாதத்தை மடியில் தூக்கி வைத்து
அளவு பார்த்திருப்பாள்.
கொஞ்சம் பெரிது.
கிழிந்த கம்பளி திணித்தால் சரியாகும்.

பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலி.
நோட்டை அங்கே வைத்து
அவள் பெயருக்கு ஒரு வரி விட்டேன்.
பெயர் வைக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை,
அவளும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆளாகத்
தெரியவில்லை.