தடித்த எழுத்து

ப்ளோவ்டிவ் நகரில் சாவு அறிவிப்பை
மரத்திலும் வாசற்கதவிலும் ஒட்டுவார்கள்.
ஸ்வெத்தாங்கா கேட்டதோ
மது சீசாக்களுக்கென நான் வைத்திருந்த எழுத்து:
பட்டைத் தூரிகை அழுந்தி இறங்கி
நுனியில் சட்டென்று திரும்பும் சாய்வு.

"இது விருந்துக்கானது" என்றேன்.
"அவர் கத்திக் கத்தித்தானே இறைச்சி விற்றார்?"

பெயர் நீளம். தாளில் அடங்கவில்லை.
சிறிதாக்கினேன்;
எழுத்துகளின் வயிற்றில் மை புகுந்து
கண்கள் மூடிக்கொண்டன.

பேனாவைப் பிடுங்கினாள்.
'அன்பான' என்பதை அடித்தாள்,
'மறக்கவொண்ணாத' என்பதையும்.
ஆறு பேரப்பிள்ளைகளைக் கீழே
மெல்லிய எழுத்துக்குத் தள்ளினாள்.

மறுநாள் ஓடும் பேருந்திலிருந்தே படிக்க முடிந்தது:
லியுபோஸ்லாவ் கரகாஷேவ்.
மழையில் ஓரம் கிழிந்தும்
விலை சொல்லிக்கொண்டிருந்தார்.